உறைக்குள் எழுதிய நகர்த்தல்

எரெவானில் மின்விளக்குத் தொழிற்சாலையில் பல்பு சோதிக்கும் நோராயருக்கு ஐம்பத்திரண்டு வயது. சதுரங்க மாஸ்டர் பட்டத்துக்கு மூன்று முறை முட்டிப் பார்த்து, மூன்று முறையும் அரைப் புள்ளியில் கோட்டைவிட்டவர். 1983ஆம் வருட நகரப் போட்டியில் கடைசி ஆட்டத்தை டிரா செய்தால் போதும், பட்டம் அவருக்கு.

எதிரே வெள்ளைக் காய்களோடு சாவென், கல்லூரி மாணவன். பிஷப்புக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினான். நோராயரும் தள்ளினார். அவன் குதிரையை எடுத்தான், இவரும் எடுத்தார். அவன் பிஷப்பை மூலையில் ஒதுக்கினான், இவரும் ஒதுக்கினார்.

"மூக்கைச் சொறிஞ்சு பாருடா சாவென், அதையும் காப்பியடிப்பாரு!" என்றது பின்வரிசைக் குரல். மண்டபமே சிரித்தது. நோராயர் நிமிரவில்லை. காது மட்டும் சிவந்தது.

ஐந்து மணி நேரம் முடிகிற தறுவாயில் ஆளுக்கொரு யானையும் நான்கு சிப்பாய்களும் மிச்சம். சாவென் தன் ராஜாவை எஃப்3 கட்டத்துக்கு நகர்த்தினான். நேரம் முடிந்து ஆட்டத்தை நிறுத்தும்போது செய்கிற வழக்கப்படி, நோராயர் தன் பதிலைப் பலகையில் ஆடாமல் ஆட்டத்தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, நடுவர் மர்கார்யானிடம் கொடுத்தார். மறுநாள் காலை அதைப் பிரித்துத்தான் தொடர்வார்கள்.

காலையில் படிக்கட்டிலேயே சாவென் மடக்கினான்.

"நோராயர் அண்ணே, இதுல இனிமே என்ன இருக்கு? டிரான்னு கை குடுத்துட்டுப் போயிடலாமே."

ஒரு 'சரி' போதும். ஆனால் அந்தச் சிரிப்பு இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

"வேணாம்ப்பா. அப்புறம் அதையும் நீ போட்ட பிச்சைம்பாங்க. ஆடியே வாங்கிக்கறேன்."

மர்கார்யான் உறையைப் பிரித்தார். தாளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"உன் ராஜா எங்கய்யா நிக்குது?"

"ஜி7ல."

"எஃப்3க்குப் போறதா எழுதியிருக்கியே!"

ராஜா ஒரு கட்டத்துக்கு மேல் நகராது; எஃப்6 என்றிருக்க வேண்டியது. சாவெனின் நகர்த்தலைக் குறித்த கை, பக்கத்துப் பத்தியிலும் அதையே எழுதி வைத்திருந்தது. உறைக்குள் இருப்பது ஆட முடியாத நகர்த்தல் என்றால் எழுதியவருக்குத் தோல்வி.

"சார், நான் வாசல்லயே டிரா கேட்டேன் சார்," என்றான் சாவென்.

"அவரு ஒத்துக்கலையே. இப்ப உறையப் பிரிச்சாச்சுப்பா."

நோராயர் தோல்விக்குக் கீழே கையெழுத்திட்டார்.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்ணே," என்றான் சாவென்.

"அடுத்த வருஷம் முதல் சுற்றுலேர்ந்து ஆரம்பிக்கணும்டா," என்றபடி கோட்டை மாட்டினார். மணி பதினொன்றுதான். அன்றைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தார். இருந்தும் பிற்பகல் ஷிஃப்டுக்குப் போனார்.