இரண்டு வீடு, ஒரே பிளான்

நேற்று கழிவறை கழுவப் புதிதாக ஒரு திரவம் வாங்கினேன். மூடியைத் திறந்ததும் அம்மோனியா நெடி மூக்கில் ஏறியது. உங்களுக்கானால் கண் எரியும், அவ்வளவுதான். எனக்குக் கோபம் வரும். பாறசாலையில் நான் வேலை பார்த்த மாடி அலுவலகத்தில், பிளானுக்குப் பிரதி எடுக்கும் அம்மோனியா மெஷின் பக்கத்தில்தான் சாப்பாட்டு டப்பாவை வைக்கச் சொல்வார் முதலாளி. அந்த வருடங்களில் மீன்குழம்பின் மணம் என்னவென்றே நான் அறிந்ததில்லை.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. முதலாளி கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். அதற்குத் தனிக் கண்ணாடி அறை, ஏசி, திரையின் நெற்றியில் சந்தனப் பொட்டு. செருப்பை வெளியே விட்டுத்தான் நுழைய வேண்டும். ஏசி எனக்காக இல்லை என்பதை அடிக்கடி சொல்லிக் காட்டுவார். அவருக்குக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணக்கூடத் தெரியாது. ஆனால் வருகிறவர்களிடம், "கம்ப்யூட்டர் தன்னால வரையும், ஆளு பாத்து வரையாது" என்று அளப்பார். வரைந்து வரைந்து கழுத்து பிடித்துக்கொண்டு கிடந்தவள் நான்.

அந்த அளப்பை நம்பிப் பனச்சமூடு பக்கத்திலிருந்து ரப்பர் தோட்டக்காரர்களான ஒரு அண்ணனும் தம்பியும் வந்தார்கள். சேர்ந்து வரவில்லை. அண்ணனின் ஸ்கூட்டர் கீழே நின்றால் அது போகிறவரை தம்பி எதிர்க் கடையில் டீயாகக் குடிப்பான். அப்பன் விட்டுப்போன மனையைச் சரிபாதியாகப் பிரித்து, பழைய வீட்டை இடித்து, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வீடு கட்டப் போகிறார்கள். அம்மையிடம் கையெழுத்து வாங்கியாயிற்று.

"அவனுக்கு என்ன உண்டோ அது எனக்கும் வேணும். ஒரு நூலு கொறையப்பிடாது, கேட்டியா?" என்பான் அண்ணன்.

"ஒரு நூலு அவனுக்குக் கூடப்பிடாது," என்பான் தம்பி.

எனக்கு வேலை சுலபம். ஒரு வீட்டை வரைந்து 'மிரர்' என்று கட்டளை கொடுத்தால் போதும். எந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் என்று கம்ப்யூட்டர் கேட்கும். எல்லைக்கோட்டைக் காட்டினால், அதே வீடு இடவலம் மாறி அடுத்த மனையில் வந்து நிற்கும்.

ஒரு நாள் அவர்களுடைய அம்மை வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஹால், படுக்கையறை, அடுக்களை என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

"இதில எனக்குக் கட்டில் எங்க மக்ளே போடுகது?"

எங்கும் இல்லை. அண்ணனிடம் கேட்டேன். "அவன் அம்மைக்கு ரூம் போட்டா நானும் போடுகேன்." தம்பியிடம் கேட்டேன். "மூத்தவனாக்கும் மொதல்ல போடணும்." இரண்டு பேரையும் பிடித்து அறையத் தோன்றியது. சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவள் அறைய முடியுமா? அடுக்களைக்குப் பின்னால் கட்டில் நீளத்துக்கு ஒரு அறை வரைந்தேன். ஜன்னலும் வைத்து, 'ஸ்டோர்' என்று பெயர் எழுதி, மிரர் அடித்தேன். இரண்டு வீட்டிலும் வந்துவிட்டது.

"ஸ்டோருக்கு எதுக்கு ஜன்னலு?" என்றான் அண்ணன்.

"காத்து இல்லேன்னா ரப்பர் ஷீட்டு பூத்துப் போகும்லா," என்றேன். தம்பிக்கும் அதே ஜன்னல்தான் என்று உறுதியான பிறகுதான் ஒத்துக்கொண்டான்.

முதலாளிக்கு மட்டும் விஷயம் புரிந்துவிட்டது. "நீ வரைய வந்தியா, வக்காலத்து வாங்க வந்தியா? அழிச்சுப் போடு."

"தன்னால வரையுற கம்ப்யூட்டர்தானே சார், தன்னால அழிக்கவும் சொல்லுங்க."

அன்று முழுவதும் ஏசி ஓடவில்லை. ஸ்டோர் பிழைத்தது.

ஒரே நாளில் இரண்டு வீட்டிலும் பால்காய்ப்பு. இரண்டு பேருமே அழைத்திருந்தார்கள். நான் நேராகப் போய் அண்ணன் வீட்டு ஸ்டோரை எட்டிப் பார்த்தேன். கூரை வரை ரப்பர் ஷீட். தம்பி வீட்டிலும் அப்படியே. அம்மை வெளியே இருந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே விட்டிருந்த சந்தில் தார்ப்பாய் கட்டி, எல்லைக்கு மேலேயே கட்டிலைப் போட்டிருந்தாள். பாதி மூத்தவன் மண்ணில், பாதி இளையவன் மண்ணில். மிரருக்கு நான் காட்டிய கோடு அவள் கட்டிலுக்கு அடியில் போயிற்று.

"இதுல ரெண்டு பேருக்கும் கூடுதலும் இல்ல, கொறவும் இல்ல மக்ளே," என்றாள்.

இரண்டு வீட்டிலும் கை நனைக்காமல் பஸ் ஏறினேன்.

அந்த அலுவலகம் இப்போது மொபைல் கடை. அம்மோனியா மெஷின் பழைய இரும்புக்குப் போயிருக்கும். அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். போன மாதம் பனச்சமூடு வழியாகப் போனபோது அந்த இரண்டு வீட்டையும் பார்க்க பஸ்ஸை விட்டு இறங்கினேன். அம்மை போய்ச் சேர்ந்திருந்தாள். சந்தும் இல்லை. நட்டநடுவில், என் தலைக்கு மேலே உயர்ந்து ஒரு மதில் நின்றது. நரைத்துப்போன அண்ணன் என்னை அடையாளம் கண்டு சிரித்தான். மதில் எப்போது கட்டினீர்கள் என்று கேட்டேன்.

"அம்மைக்க பதினாறு கழிஞ்ச ஒடனே. அந்தக் கட்டில் கெடந்ததினாலயாக்கும் இவ்வளவு நாளு தாமசிச்சுது."