ஊதியூர் மலைக்கு இரண்டு லிட்டர்

ஞாயிறு காலை 5.40. திருப்பூர் பேருந்து நிலையத்தில் நாங்கள் ஆறு பேர். எல்லோரும் ஒரே பனியன் கம்பெனி. ஐந்து பேர் முதுகில் ஒரே மாதிரி நீலத் தண்ணீர்ப் பை, தோள் வழியாக உறிஞ்சுகிற குழாய். என்னிடம் மட்டும் இரண்டு எவர்சில்வர் பாட்டில்கள், சாம்பல் நிறத் துணி உறை போட்டு.

"என்னக்கா, பாட்டிலுக்கு ஸ்வெட்டரா?" என்று கேட்டாள் டெய்லர் மேரி. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், வாய் சும்மா இருக்காது. நான் சிரித்து வைத்தேன். எனக்குப் பதில் சட்டென்று வராது.

நீலப் பைகள் லைன் சூப்பர்வைசர் கதிர் மொத்தமாக வரவழைத்தவை. முதலில் சாம்பிளாக ஒன்று வாங்கி, தண்ணீர் நிரப்பிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று ஆறு பைக்கு ஆர்டர் சொல்லிவிட்டார். நான் இருபது வருடத்துக்கு மேல் செக்கிங் மேஜையில் நிற்கிறவள். சாம்பிளை நல்ல கை தைத்திருக்கும். பின்னால் மொத்தமாக வரும் லாட்டை யார் யாரோ தைத்திருப்பார்கள். எனக்கு வந்த பையை நிரப்பி, மெலாஞ்ச் என்கிற சாம்பல் நிறப் பனியன் துணிமேல் கவிழ்த்து வைத்தேன். ஈரத்தை அந்தத் துணிபோல எந்தத் துணியும் காட்டிக்கொடுக்காது. மதியத்துக்குள் குழாய் சேரும் இடத்தில் கரும் வட்டம்.

கதிரிடம் காட்டினேன். "அக்கா, இது எக்ஸ்போர்ட் ஆர்டர் இல்லீங்க, தண்ணிப் பை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பையை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அன்று மாலை காதர்பேட்டைக்குப் பின்னால் ஒரு பாத்திரக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பெரிய பிளாஸ்க் ஒன்றை நீட்டினார்.

"இருபத்து நாலு மணி நேரம் சூடு நிக்குமுங்க."

"மலை ஏறறதுக்கு சூடு எதுக்குங்க?"

"சில்லுன்னும் நிக்குமுங்க."

தராசில் வைக்கச் சொன்னேன். காலியாகவே 620 கிராம். ஒற்றைத் தகடு பாட்டில் 190 கிராம்தான். ஒரு லிட்டர், விலை 320 ரூபாய். ஒரே பெரிய பாத்திரத்தைவிட இரண்டு சிறியது மேல். ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று இருக்கும். ஐந்து பாட்டில்களை நிரப்பி, கையோடு கொண்டுபோன சாம்பல் துணிமேல் கவிழ்த்தேன். கடைக்காரர் முணுமுணுத்தார். ஒன்று கசிந்ததும் வாயை மூடிக்கொண்டார். கசியாததில் இரண்டை எடுத்தேன். வெயிலில் எவர்சில்வர் சுடும் என்பதால், கட்டிங் வேஸ்டில் கிடந்த, இழுத்தால் நீளும் ரிப் துணியைக் காலுறைபோல மாட்டினேன். நனைத்துவிட்டால் உள்ளே தண்ணீர் குளிர்ந்து நிற்கும்.

காங்கேயம் வழியாகச் சுமார் நாற்பது கிலோமீட்டர். 7.30க்கு ஊதியூர் அடிவாரம். முருகன் கோவில் வரை படி, அதற்கு மேல் கல்லும் முள்ளுமான பாதை. கோவிலில் கும்பிட்டுவிட்டு மேலே நடந்தோம்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கம்பெனியில் எங்கே சுற்றுலா போனாலும் பைகளுக்குக் காவல் நான்தான். அருவியில் மற்றவர்கள் குளிப்பார்கள், நான் செருப்புகளோடு உட்கார்ந்திருப்பேன். யாரும் கட்டாயப்படுத்தியதில்லை. மாட்டேன் என்று சொல்ல எனக்குத்தான் வாய் வந்ததில்லை. இந்த முறை உச்சியைப் பார்த்தே தீருவது என்று கிளம்பியிருந்தேன்.

8.50. ஒரு பாறை நிழலில் நின்றோம். மேரியின் முதுகு முழுக்க ஈரம்.

"வேர்வைன்னுல்லா நெனச்சேன்" என்று பையைக் கழற்றினாள். பாதிக்கு மேல் காலி. கதிருடையதும் அப்படித்தான், இன்னொன்றும்.

கதிர் என் இடுப்பில் கயிற்றில் தொங்கிய பாட்டில்களைக் காட்டினார். "உங்களுதும் ஒழுகுதுங்களேக்கா."

"அது நான் நனைச்சதுங்க தம்பி."

சற்று யோசித்தார். "சரி, இப்படிப் பண்ணலாமுங்க. கட்டிட்டு வந்த சாப்பாட்டுப் பை இங்கயே இருக்கட்டும். மேல கொரங்கு பிடுங்கீரும். நீங்க உங்க பாட்டில எங்களுக்குக் குடுத்துட்டு, பைக்குத் துணையா உக்காந்துக்குங்க. நாங்க வெரசா போயிட்டு வந்தர்றோம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாட்டில்களின் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"தண்ணி ஆருக்கு வேணுமுன்னாலும் தர்றனுங்க. ஆனா அது எங்கூடத்தான் வரும். நான் மேல போறேன்."

"அப்ப பைய ஆரு பாக்கறதுங்க?"

"தெரீலீங்க தம்பி."

திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பின்னால் மேரியின் குரல்: "சார், தண்ணி போவுது. நான் அது பின்னாலதான் போவேன்." கொஞ்ச நேரத்தில் ஆறு பேரும் ஒரே வரிசையில் ஏறிக்கொண்டிருந்தோம். சாப்பாட்டுப் பை கதிர் தலையில் இருந்தது.

10.20. உச்சி. தாராபுரம் பக்கம் காற்றாலைகள், நடுவே காய்ந்த மேய்ச்சல் காடுகள், பனைமரங்கள். மூடியில் ஊற்றி ஆளுக்கு இரண்டு மூடி கொடுத்தேன். தண்ணீர் குளிர்ந்தே இருந்தது. கதிர் கடைசியாக வாங்கிக் குடித்தார். வாரத்தில் ஆறு நாள் டியூப் லைட்டுக்குக் கீழே துணியில் ஓட்டை தேடுகிற கண் எனக்கு. அன்று அவ்வளவு தூரம் பார்த்தும் குறை தேடத் தோன்றவில்லை.

மாலை 3.15. திரும்பும் பேருந்தில் கதிர் என் பக்கம் சாய்ந்தார். "அடுத்த தடவ எல்லாத்துக்கும் பாட்டில் நீங்களே பாத்து எடுத்துக் குடுத்துருங்கக்கா. உங்க பொறுப்பு."

சரி என்று சொல்லத் தலை தானாக ஆடப் பார்த்தது. நிறுத்தினேன்.

"இல்லீங்க தம்பி. கடையச் சொல்றேன், எப்படிப் பாக்கறதுன்னும் சொல்றேன். அவங்கவங்க பாட்டில அவங்கவங்களே கவுத்திப் பாத்து எடுக்கட்டும்."