நாற்பது டியூபின் காற்று

கடலில் குளிக்க வருகிறவர்களுக்கு மிதப்பதற்கு லாரி டியூப் வாடகைக்கு விடுவது அவள் தொழில். பதினெட்டு வருஷமாக அந்தத் தீவுக் கரையில் எல்லோருக்கும் அவள் டியூப் அக்காதான். கணவனுக்குக் கப்பல் வேலை. வருஷத்தில் ஒரு மாதம்தான் வீட்டில் தங்குவான். அவனுடைய தம்பிதான் கடையில் கூட்டு. கொழுந்தன் டிக்கெட் கிழிப்பான், அவள் கடலைப் பார்ப்பாள்.

கடலைப் பார்ப்பதை அவள் பட்டுத்தான் கற்றாள். கடை போட்ட மூன்றாம் வருஷம், மிதந்து போன ஒரு டியூபைப் பிடிக்கப் போய், ஆளைக் கடலுக்குள் கொண்டுபோகும் இழுப்பில் மாட்டினாள். கரையைப் பார்த்து நீந்தி நீந்திக் கை ஓய்ந்தபோது, தண்ணீரே அவளை உள்ளே கொண்டுபோய்ப் பக்கவாட்டில் விட்டது. அங்கிருந்து அலையோடு அலையாக வந்து சேர்ந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வானம் கழுவித் துடைத்தாற்போல் இருந்தது. புயல் வர இன்னும் இரண்டு நாள் என்றது ரேடியோ. ஆனால் அலைகள் நின்று நிதானித்து, தோளுயர்த்தி வந்தன. நடுவே ஓரிடத்தில் மட்டும் நுரையே இல்லை. கலங்கிய தண்ணீர் சத்தமில்லாமல் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. வெளியூர்க்காரர்கள் தேடிப் போய் இறங்கும் இடம் அதுதான். அலையில்லை, அதனால் பயமில்லை என்று நினைப்பார்கள்.

காலை எட்டு மணிக்கே கடற்கரை அலுவலகத்தில் போய் நின்றாள். "செவப்புக் கொடி ஏத்துங்க சார்."

"மேலேருந்து உத்தரவு வரலம்மா. வானத்தப் பாருங்க, பளிச்சுன்னு இருக்கு."

"நான் வானத்துலயா டியூப் விடுறேன்?"

திரும்பி வந்தவள் கடைக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு டியூபாக வால்வு ஊசியைக் கழற்றத் தொடங்கினாள். புஸ்ஸென்று காற்று போனது. வரிசையில் நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள். பத்தாவது டியூபில் சிரிப்பு நின்றது.

"அண்ணி, என்ன பண்றீங்க?" கொழுந்தன் ஓடி வந்தான்.

"பாத்தா தெரியலியா? இன்னிக்கு இதுல ஏறுறவன் நடுக்கடல்லதான் எறங்குவான்."

"சீசன்ல நல்ல நாளே இது ஒண்ணுதான். ஊசியக் குடுங்க."

அவள் ஊசிகளை மடியில் முடிந்துகொண்டு அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அவன் கையை இறக்கினான்.

இரண்டு பெண் குழந்தைகளோடு நின்ற ஒரு தகப்பன் முன்னால் வந்தார். "சும்மாவா கேக்குறோம்? காசு குடுத்துதானே கேக்குறோம்."

"குடுங்க. கடல்கிட்ட குடுத்துப் பாருங்க, வாங்கிக்குதான்னு."

நாற்பதில் ஒன்றை மட்டும் காற்றோடு வைத்து, நீளக் கயிறு கட்டிப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"நீச்சல் தெரிஞ்சவனுக்கு டியூப் எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே வாட்டசாட்டமான ஓர் ஆள் அந்த அமைதியான இடத்தில் இறங்கினான். அவள் கத்தியது அவன் காதில் ஏறவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் தலை தேங்காய் அளவுக்குச் சிறுத்துவிட்டது. கரையைப் பார்த்து நீந்தினான். ஒரு முழம்கூட நெருங்கவில்லை.

கொழுந்தன் சட்டையைக் கழற்றினான். அவள் அவன் கையை இறுக்கிப் பிடித்தாள். "ரெண்டு பேரத் தேட எனக்குக் கண்ணு பத்தாது. கயித்த எடுத்துக்கிட்டு வா."

யாருடைய துண்டோ சிவப்பாகக் கிடந்தது. அதைப் பிடுங்கி வீசிக்கொண்டே கரையோரமாகப் பக்கவாட்டில் ஓடினாள். "குறுக்க வா! கரைக்கு வராத, குறுக்க வா!"

காற்று அவள் குரலைப் பிய்த்துக்கொண்டு போனது. ஓடினாள், திரும்பி வந்தாள், மறுபடி அதே பக்கம் ஓடினாள். அவன் சோர்ந்து மல்லாந்தபோதுதான் துண்டு கண்ணில் பட்டிருக்க வேண்டும். மெல்லத் திரும்பி, அவள் ஓடும் திசையிலேயே கையை வீசி நீந்தினான். வெள்ளை நுரை உடையும் இடத்துக்கு வந்ததும் ஓர் அலை அவனைத் தூக்கிக் கரைப்பக்கம் எறிந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அவளும் கொழுந்தனும் டியூபை வீசி அவனை இழுத்துப் போட்டார்கள்.

உப்புத் தண்ணீரைக் கக்கி முடித்ததும் அவன் கேட்டான்: "என் செருப்பு எங்க?"

அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "அத நான் பாத்துக்கிறேன். மொதல்ல மூச்ச விடு."

அந்தத் தகப்பன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார். மதியம் பன்னிரண்டுக்குக் கொடி ஏறியது. செவ்வாய்க்கிழமை புயல் வந்து கடையின் கூரையைக் கொண்டுபோனது.

அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து கடிதம். வாடிக்கையாளரை அலைக்கழித்ததாக யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். வருத்தம் தெரிவித்து எழுதித் தந்தால் விட்டுவிடலாம் என்றார் அதிகாரி. கொழுந்தன்கூட, "ஒரு வரிதானே, எழுதிடுங்க அண்ணி" என்றான்.

அவள் பேனாவை வாங்கிக் குண்டு குண்டாக எழுதினாள்: 'காற்றைப் பிடுங்கியது நான்தான். ஒன்பது மணிக்குப் பிடுங்கினேன். ஏழு மணிக்கே பிடுங்கியிருக்க வேண்டும். அதற்கு வருந்துகிறேன்.'

லைசென்சை ஒரு மாதம் நிறுத்தினார்கள். மறுநாள் காலையிலேயே வந்து, கூரையில்லாத கடைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். இழுப்பு இருக்கும் பக்கம் யார் போனாலும் கூப்பிட்டு நிறுத்தினாள்.

காவலாளி வந்து, "லைசென்ஸ் இல்லாம இங்க உக்காரக் கூடாதுக்கா" என்றான்.

"டியூப் விடத்தான் லைசென்ஸ் வேணும். கத்துறதுக்கு வேணாம்."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு போனான். சற்று நேரத்தில் கொழுந்தன் இன்னொரு நாற்காலியோடு வந்து, பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.