இடுப்பில் வைத்த உப்பு

கற்பிட்டிப் பக்கத்து உப்பளங்களில் இடுப்பு வலிக்காத ஆளைக் காண்பது கஷ்டம். அதனால் என் வலியை நானும் பெரிதாக எடுக்கவில்லை. மற்றவர்களுக்குப் படுத்தால் வலி குறையும்; எனக்கு மட்டும் படுத்தால்தான் கூடும். கதிரையில் உட்கார்ந்தே தூங்கப் பழகினேன். "ராசா சிம்மாசனத்துல உறங்குறார்" என்று மனைவி கேலி செய்வாள்.

இடுப்பு வலிக்கு எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் உப்பு ஒத்தடம். கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து வைப்பது. எங்கள் வீட்டில் உப்புக்கா பஞ்சம்? பின்னேரம் அசர் தொழுதவுடன் மனைவி சட்டியை அடுப்பில் வைத்துவிடுவாள். நான் மேசையைப் பிடித்துக் குனிந்து நிற்பேன்.

"சூடு காணுமா?"

"சுடவே இல்லையே. இன்னும் கொஞ்சம் வறுத்துக் கொண்டா."

மறுபடி வைத்தாள். உடனே துணியைத் தூக்கி எடுத்தாள்.

"புள்ளட வாப்பா, தோல் பொங்கிக் கிடக்குது. உங்களுக்கு விளங்கலயா?"

எனக்குச் சூடே தெரியவில்லை. பயத்தில் அவள்மேல்தான் எரிந்து விழுந்தேன். அன்றுதான், கொஞ்ச நாளாகச் சிறுநீரும் சரியாகப் போகவில்லை என்று சொன்னேன். அவள் ஏசவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

புத்தளத்து டாக்டர் ஊசியால் குத்தி உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொழும்புக்கு அனுப்பினார். அங்கே ஸ்கேன் எடுத்தபின் பெரிய டாக்டர் படம் கீறிக் காட்டினார்.

"முள்ளந்தண்டுக்குள்ள கீழ்ப்பக்கம் நரம்பெல்லாம் குதிரை வால் மாதிரித் தொங்கும். அதுல ஒரு நரம்புல கட்டி. வேற இடத்துல இருந்து பரவினதில்ல, அங்கயே முளைச்சது. அபூர்வமாத்தான் வரும். புற்றுநோய் மாதிரித் தெரியல. எடுக்கலாம். நடக்கலாம். சிறுநீர் முந்தி மாதிரிப் போகுமா என்று மட்டும் இப்ப சொல்லேலாது."

"நான் எங்கட ஊர்க் கழுத வால்தான் பாத்திருக்கன், டாக்டர்" என்றாள் மனைவி. மூவரும் சிரித்தோம். அந்த நேரத்தில் அவளை எனக்கு அவ்வளவு பிடித்தது.

ஒப்பரேசனில் கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். புற்றுநோயும் இல்லை. கட்டிலைப் பிடித்து நடந்தேன், வலியில்லாமல் படுத்தேன். ஆனால் சிறுநீர் போக அப்போது போட்டிருந்த குழாயை எடுத்துப் பார்த்தபோது ஒரு சொட்டும் வரவில்லை. திரும்பப் போட்டார்கள். சாரத்துக்குள் சிறுநீர்க் குழாயும் பையுமாகப் பள்ளிவாசலில் எப்படித் தொழுகை வரிசையில், சப்பில் நிற்பது? நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது என்று மனைவி சொன்னாள். எனக்கும் தெரியும். மனம்தான் கேட்கவில்லை.

சில நாள் கழித்துக் குழாயை மறுபடி எடுத்தார்கள். பார்வையாளர் நேரம். நான் கழிப்பறைக்குள், அவள் கதவுக்கு வெளியே.

"பைப்பத் திறந்து விடுங்க. தண்ணிச் சத்தம் கேட்டா வரும். புள்ளைகளுக்கு அப்பிடித்தானே செஞ்சம்."

வெட்கத்தை விட்டுத் திறந்தேன். நின்றேன்.

"வருதா?"

கையை நீட்டிப் பைப்பைப் பூட்டினேன். பைப் நின்றும் தண்ணிச் சத்தம் நிற்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது; வெளியே நின்று அழத் தொடங்கினாள்.