கண்ணுக்கு மறித்த தண்ணீர்

ஏறாவூரில் கோழித்தீன் என்றால் முகைதீன்பாவாதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மனிசன். பாசிக்குடா ஹோட்டல்களுக்குச் சைக்கிளில் முட்டை கொண்டுபோனவர், இன்று சொந்த ஆலையில் நாளுக்கு நூறு மூடை தீன் கலக்கிறார். கருவாட்டுத் தூளோ சோளமோ, ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தால் எத்தனை நாள் பழசு என்று சொல்லிவிடுவார். படித்தவனுக்கும் அது வராது.

கோழிக்கு இறகு முளைக்கவும் சதை பிடிக்கவும் மெதியோனின் என்ற அமினோ அமிலம் வேண்டும். அதன் வழிப்பொருள் ஒன்று திரவமாகக் கேனில் வரும். கபில நிறம், சீனிப்பாணி போலத் தடிப்பு, கூழ்முட்டை நாற்றம். பார்வைக்குச் சாது; உள்ளே கடும் அமிலம். கொண்டுவந்த விற்பனையாளன் கையுறையும் கண்ணாடியும் தந்து, "கண்ணில பட்டா உடனே தண்ணியால கால் மணித்தியாலம் கழுவணும், ஹாஜியார்" என்றான்.

"நாப்பது வருசமா தீன் கலக்கிறன் தம்பி. எனக்கே பாடமா?"

கண்ணாடி பொலித்தீன் உறை கழற்றாமலே அலுமாரிக்குள் போனது, பரிசோதகர் வந்தால் எடுத்துக்காட்ட. இரண்டு மாதத்தில் இரும்பு அகப்பை அரித்துப் பொத்தல் விழுந்தது. அப்போதும் அவர் அகப்பையைத்தான் பழித்தார்.

கேதீஸ்வரி பதினொரு வருடமாக அவரிடம் தீன் கலப்பவள். அன்று கேனைச் சரித்தபோது திரவம் தெறித்து அவள் வலக்கண்ணில் பட்டது. முகத்தைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். முகைதீன்பாவா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தண்ணி பட விடாத புள்ள. இரி, மருந்து கொண்டு வாறன்."

வயல் வட்டையில் நெல் சூடடிக்கும்போது உமி விழுந்த கண்ணுக்குத் தாய்ப்பால் விடுவது வழக்கம். அவர் பார்த்துச் சுகமான கண்கள் எத்தனையோ. மருமகள் நிஸ்மியா கைக்குழந்தைக்காரி; வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம். கிண்ணத்தில் பால் வாங்கிக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பியபோது பத்து நிமிடம் போயிருந்தது. கேதீஸ்வரி சொல் தட்டாமல் அதே இடத்தில் குந்தியிருந்தாள். நாலடி தள்ளிக் குழாய்.

பால் பட்டும் எரிவு அடங்கவில்லை, கூடியது. அப்போதுதான் விற்பனையாளன் சொன்னது அவருக்கு விளங்கியது. குழாயடியில் கழுவ வைத்து, ஆலையின் வான் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

டொக்டர் அம்மா கண்ணைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "பட்ட உடனே தண்ணி ஊத்தினீங்களா?"

"ஓம் டொக்டர், உடனே" என்றாள் கேதீஸ்வரி.

முதலாளிக்காகச் சொன்ன பொய். முகைதீன்பாவா தலையாட்டினால் போதும், பேர் கெடாது. ஆனால் டொக்டர் அதை நம்பித்தானே வைத்தியம் செய்வார்?

"இல்ல டொக்டர். அவ ஓடினவ. நான்தான் மறிச்சன். பத்து நிமிசம் தண்ணி படல்ல. பாலும் விட்டன்."

டொக்டர் தாதியிடம் இன்னும் சேலைன் கேட்டார். "சொன்னது நல்லம். கண் தப்பும். முந்தின தெளிவு வருமெண்டு சொல்லேலாது."

கண்ணைக் கட்டி வார்டில் படுக்கவைத்தார்கள். முகைதீன்பாவா கட்டிலுக்குப் பக்கத்து மரவாங்கில் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"தெரியாமச் செய்தீங்க முதலாளி. விடுங்க."

"தெரியாமலில்ல புள்ள. விக்க வந்தவன் சொல்லித் தந்தவன். நான்தான் கேக்கல்ல."

கேதீஸ்வரி குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். "அப்ப ஏசத்தான் வேணும். கட்டு அவிழட்டும். முகத்தைப் பார்த்து ஏசுறன்."

அந்த ஏச்சுக்காக அவர் மறுநாளும் வந்து வாங்கில் இருந்தார். அதற்கு மறுநாளும்.