டீச்சருக்கு ஒரு பாட்டில்

அல்வாலில் நாங்கள் குடியிருந்த தெருவில் அம்மாவின் கைபட்ட பாட்டில் இல்லாத வீடே கிடையாது. ஒரு வீட்டில் அதில் மணிபிளான்ட் வளர்த்தார்கள். இன்னொரு வீட்டில் உள்ளே சீரியல் விளக்கை விட்டு ஹாலில் எரியவைத்திருந்தார்கள். கழுத்துப் பகுதிக்குச் சணல் கயிறு சுற்றி, கீழே மயிலோ தாமரையோ வரைந்து, வார்னிஷ் பூசிவிட்டால் அது முன்பு என்னவாக இருந்தது என்றே தெரியாது. தெரியக்கூடாது என்பதில் அம்மா கவனமாக இருந்தாள். லேபிளை ஊறவைத்துச் சுரண்டுவதைக் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டுதான் செய்வாள். பழைய சாமான் வண்டி வந்தால் பேப்பரை மட்டும் போடுவாள். இவ்வளவு நல்ல சரக்கை யார்தான் வண்டியில் போடுவார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

சரக்கு அப்பாவால் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அவருக்கு ராணுவ அலுவலகம் ஒன்றில் வேலை. சாயங்காலம் திரும்பியதும் பின்பக்க வராந்தாவில் நாற்காலியைப் போட்டுத் தம்ளரோடு உட்கார்ந்துவிடுவார். சத்தம் போடமாட்டார், யாரையும் அடிக்கமாட்டார். பேசவும் மாட்டார். கணக்குப் பாடத்தில் சந்தேகம் என்று போனால், "நாளைக்குப் பாக்கலாம்" என்பார். மறுநாளும் அதையே சொல்வார். அவர் காலி செய்கிறார், அம்மா வரைகிறாள். இருவரும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

நான் நான்காவது படித்த வருஷம், நவராத்திரிக்கு வந்தவர்களுக்கெல்லாம் வெற்றிலை பாக்கோடு ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தாள் அம்மா. மறுநாள் கொலுவுக்கு வருவதாக என் டீச்சர் ஒரு நாள் சொன்னார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் பாட்டில் அலமாரி காலி.

"தீந்துபோச்சுடி. டீச்சருக்கு பிளவுஸ் பிட் வெச்சுக் குடுத்துடலாம்" என்றாள் அம்மா.

எல்லாருக்கும் மயிலும் தாமரையும், என் டீச்சருக்கு மட்டும் பிளவுஸ் பிட்டா? வராந்தாவுக்கு ஓடினேன். அப்பாவின் காலடியில் இருந்த பாட்டில் பாதிகூடக் குறைந்திருக்கவில்லை. அவசரத்தில் எனக்குத் தமிழ் வராது, பள்ளிக்கூட ஹிந்திதான் வரும்.

"அப்பா, ஜல்தி கதம் கரோ நா! டீச்சர் கே லியே பாட்டில் ஹோனா!"

சீக்கிரம் முடியுங்கள், டீச்சருக்கு பாட்டில் வேண்டும் என்று நான் கத்தியது, கொலுவுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் புரிந்தது. பக்கத்து வீட்டு தெலுங்கு ஆன்ட்டி, கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த தாமரை பாட்டிலை மெல்லப் பைக்குள் வைத்தார். அம்மா சுண்டல் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள்.

அப்பா என்னைப் பார்த்தார். கூடத்துப் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்து, மீதி இருந்ததை வாஷ்பேசினில் கவிழ்த்தார். குழாயைத் திறந்து அவரே பாட்டிலை அலசினார். வெகுநேரம் அலசினார்.

"இந்தா" என்று என் கையில் கொடுத்தார்.

எனக்காக இவ்வளவையும் கொட்டிவிட்டாரே என்று பூரித்துப்போனேன். அம்மா அன்றைக்கே உட்கார்ந்து அதில் ஒரு கிளி வரைந்தாள். அலகு கொஞ்சம் கோணலாகிவிட்டது. டீச்சருக்கு அதுதான் பிடித்திருந்தது.

அன்றோடு அப்பா விட்டுவிட்டார் என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அதற்குப் பிறகும் குளியலறை வாளியில் பாட்டில்கள் ஊறின. வரவரக் குறைந்து, ஒரு கட்டத்தில் வாளி வெறும் வாளியாகிவிட்டது. சாயங்காலங்களில் அப்பா எனக்கு வகுத்தல் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். பொறுமை போதாது, குட்டும் விழும்.

நான் அம்மாவுக்காகத்தான் கவலைப்பட்டேன். அக்கம்பக்கத்தில் கேட்டு சாஸ் பாட்டில்களும் ஜாம் பாட்டில்களும் வாங்கிவந்து கொடுத்தேன். அவள் அவற்றைக் கழுவி, கடுகும் வெந்தயமும் கொட்டி வைத்தாள். தூரிகைகளை என்னிடமே கொடுத்துவிட்டாள்.

அடுத்த நவராத்திரிக்கு, மற்றவர்கள் வீட்டில் கொடுக்கிற மாதிரியே பிளாஸ்டிக் டப்பா. அவ்வளவு திறமையை வைத்துக்கொண்டு டப்பா கொடுக்கிறாளே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மாவோ வருகிறவர்களிடமெல்லாம், கேட்காதவர்களிடம்கூட, "இந்த வருஷம் வீட்டுல பாட்டிலே இல்ல" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதில் அப்படி என்ன பெருமை என்று எனக்கு விளங்கவே இல்லை.