கப்பல் வராத நாளுக்கான அரிசி

கப்பல் வராமல் போனால் என்ன செய்வது என்ற ஒரே கேள்விக்குப் பதிலாக எங்கள் வீடு நடந்துகொண்டிருந்தது. அந்நாளில் போர்ட் பிளேயரின் எல்லா வீடுகளும் ஓரளவு அப்படித்தான் இருந்தன. எங்கள் வீட்டில் மட்டும் அது ஒரு மார்க்கமாகவே இறுகிப்போயிருந்தது. மெயின்லேண்டிலிருந்து வந்து இறங்குவதே உணவு, இங்குள்ள மண்ணில் முளைப்பதெல்லாம் அடுத்த கப்பல் வரும்வரை வயிற்றைச் சமாளிப்பதற்கு என்பது அதன் முதல் விதி. கப்பலில் வந்த எதையும் கொட்டக் கூடாது, பிறருக்குக் கொடுக்கவும் அவசரப்படக் கூடாது என்பது இரண்டாவது விதி. ஆகவே கட்டிலுக்கடியில் இரண்டு மூட்டை வெள்ளை அரிசியும், பிஸ்கட் டின்களில் சீனியும் மைதாவும், கட்டுக்கட்டாக அப்பளமும் எப்போதும் இருந்தன. கொல்லையில் முருங்கையும் பப்பாளியும் கேட்பாரற்று நின்றன.

அப்பா தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தார். ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் ஏறினால் கார் நிக்கோபார் தீவுக்கும் அதற்குத் தெற்கேயும் போய்த் திரும்ப ஐந்தாறு நாளாகும். எனக்குப் பத்து வயதானபோது, கப்பல் ஊழியர்களுக்கான உடற்தகுதிச் சோதனையில் அவர் இரத்தத்தில் சர்க்கரை கூடியிருப்பது தெரிந்தது. ஆறு மாதம் கழித்து மறுசோதனை. அதற்குள் குறையாவிட்டால் அவரைக் கப்பலிலிருந்து இறக்கிக் கரையில், சாமான் கிடங்கில் உட்காரவைத்துவிடுவார்கள்.

"கயிறு எண்ணச் சொல்லுவானுங்க. அதுக்கு என்னையக் கடல்லயே தள்ளி விட்டுரலாம்" என்றார் அப்பா. அதை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. பதினெட்டு வயதிலிருந்து கப்பலில் இருந்தவர். கரையில் தொடர்ந்து ஒரு வாரம் இருக்க நேர்ந்தால் சன்னலுக்கும் வாசலுக்குமாக நடப்பார். சொல்லிவிட்டு, குரல் இன்னும் தழுதழுத்துக்கொண்டிருக்கும்போதே, மூன்றாவது மீன் வறுவலை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டார்.

எதையும் அறிவித்துச் செய்வது அம்மாவுக்கு வழக்கமில்லை. அறிவித்தால் எதிர்ப்பு வரும் என்பதை, எங்களோடு குடும்பம் நடத்திய அனுபவத்தில் அவர் கற்றிருக்க வேண்டும். அவருடைய முறை எளிமையானது: அப்பாவின் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு மாற்றம். கப்பல் போனதும் அந்த மாற்றத்தை எங்கள்மேல் சுமத்துவார். ஐந்தாறு நாள் நாங்கள் முணுமுணுத்து ஓய்ந்திருப்போம். அப்பா படியேறி வரும்போது அது ஏற்கெனவே வீட்டு வழக்கமாகியிருக்கும்; தனியொருவராக அவர் கலகம் செய்ய முடியாது.

முதற் பயணத்தில் தேநீரின் சீனி பாதியானது. எங்களோடு தங்கியிருந்த சித்தப்பாதான் முதலில் கண்டுபிடித்தார். அவர் எலக்ட்ரிக் வேலை பார்த்தார்; ஆனால் தட்டில் விழுவதைப் பற்றிப் பேசுவதையே தம் முழுநேரத் தொழிலாகக் கருதினார்.

"அண்ணி, சீனிக் கப்பல் இன்னும் வரலியா?"

"வந்துருச்சு. பழகிரும், குடிங்க."

அந்தப் "பழகிரும்" என்ற சொல்லை அடுத்த ஆறு மாதத்தில் நாங்கள் எத்தனை முறை கேட்டோம் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. இரண்டாம் பயணத்தில் மீன் வறுவல் குழம்பாயிற்று. மூன்றாவதில் மாலை நேரத்து வடை மறைந்து அதன் இடத்தில் சுண்டல் வந்தது. நான்காவதில், மலையாளி ஒருவரின் கடையிலிருந்து வாங்கிய சிவப்பரிசி வெள்ளை அரிசியோடு பாதிக்குப் பாதி கலந்தது. ஐந்தாவதில் சிவப்பரிசி வெள்ளை அரிசியைத் துரத்திவிட்டு முழுச் சோறும் தானே ஆகிக்கொண்டது. கொல்லை முருங்கைக்கு முதன்முறையாக மரியாதை கிடைத்தது. இரவுச் சோறு ஏழு மணிக்கே முடிந்துவிட வேண்டும் என்றும் ஆயிற்று.

அப்பா ஒவ்வொரு முறையும் புதிதாகத் திகைப்பார். "இந்தா புள்ள, இதென்ன டீயா, கப்பல் ஜெட்டித் தண்ணியா?" என்பார். பிறகு, கிடங்கின் கயிறுகள் நினைவுக்கு வந்தவர்போல் மடமடவென்று குடித்துவிடுவார். கப்பல் மெஸ்ஸில் பூரி வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வதாகச் சத்தியம் செய்தார். நாங்கள் யாரும் அதை நம்பவில்லை. ஆனால் உண்மையில் அப்படித்தான் படுத்துக்கொண்டார் என்று பின்னாளில் அவருடைய கப்பல் தோழர் ஒருவர் வந்து சொல்லிச் சிரித்தார்.

எனக்கு இதில் பொறுக்க முடியாதது ஒன்றுதான். சர்க்கரை அப்பாவுக்கு, தண்டனை ஏன் எனக்கு? பள்ளியில் மற்றப் பிள்ளைகளின் டப்பாக்களில் பூரியும் ஆலு பராத்தாவும் மணக்க, என் டப்பாவைத் திறந்தால் அவித்த கறுப்புக் கொண்டைக்கடலை இருக்கும். பக்கத்தில் உட்காரும் பெண் எட்டிப் பார்த்து, "அரே, யே தோ கோடே கா கானா ஹை!" என்று கத்தினாள். குதிரைத் தீனி! அன்றிலிருந்து இடைவேளை மணி அடித்தால் என்னைச் சுற்றிக் குதிரை கனைக்கும் சத்தம் கேட்டது. வீட்டுக்கு வந்து அழுதேன்.

"அப்பாவுக்குத் தனியா ஆக்கிக் குடும்மா. எங்களுக்கு எப்பவும்போல ஆக்கு."

"உங்கப்பாவுக்கு மட்டும் தனியா ஆக்குனா, அவுக உன் தட்டுல இருந்து எடுத்துத் திம்பாக. அவுகளைத் தெரியாதா உனக்கு? வீடே தின்னாத்தான் அவுகளும் திம்பாக. பழகிரும் பாப்பா."

அப்பாவைப் பற்றிய கணிப்பில் பிழையில்லை என்பதனால் எனக்கு ஆத்திரம் கூடியதே தவிரக் குறையவில்லை.

நான்காம் மாதத்தில் ஒருநாள் புயல் எச்சரிக்கை வந்து, பள்ளியை நண்பகலுக்கு முன்பே விட்டுவிட்டார்கள். மழையில் நனைந்தபடி மேட்டுப் பாதையில் ஏறி வந்து, பின்வாசல் வழியாக நுழையப்போனவள் அங்கேயே நின்றேன். அம்மா அடுக்களையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். தட்டில் மல்லிகைப் பூவாகக் குவிந்த வெள்ளைச் சோறு. பக்கத்தில் நான்கு பொரித்த அப்பளம். பெரிய தம்ளரில் தேநீர். அதில் டின்னிலிருந்து சீனியை அள்ளி அள்ளிப் போட்டார். நான் எண்ணினேன், மூன்று கரண்டி. அவசரமில்லாமல், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சாப்பிட்டார்.

மழையில் திரும்பிப் போய், முன்வாசல் வழியாக அப்போதுதான் வந்தவள்போல் வந்தேன். துரோகத்தை அந்தக் கணமே உடைத்துவிடக் கூடாது, சாட்சியம் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அன்று மாலை கட்டிலுக்கடியில் தவழ்ந்து போய், அரிசி மூட்டையின் வாயைத் திறந்து, சமன்செய்து, உள்ளங்கையை அழுத்தி அடையாளம் வைத்தேன். மறுநாள் மாலை கைத்தடம் இல்லை. மீண்டும் வைத்தேன், மீண்டும் இல்லை. நானும் சித்தப்பாவும் சிவப்பரிசி மென்றுகொண்டிருந்த அந்த வாரம் முழுவதும், வெள்ளை அரிசி இறங்கிக்கொண்டே இருந்தது.

அப்பா கரைக்கு வந்த மாலை, எல்லாரும் தட்டின் முன் உட்கார்ந்ததும் சொன்னேன். "அப்பா, நம்மளுக்குத்தான் இந்தச் சோறு. அம்மா தினமும் வெள்ளைச் சோறு திங்கிது. அப்பளம் பொரிச்சு. டீல மூணு கரண்டி சீனி. நான் மூட்டையில கைய வச்சுப் பாத்தேன்."

அப்பா கையிலிருந்த கவளத்தைத் தட்டில் போட்டார். அவர் கண்களில் நான் கண்டது கோபம் அல்ல. ஐந்தாறு பயணங்களின் ஒட்டுமொத்த அயர்ச்சி.

"அப்ப இங்க நாங்க மட்டும் ஆசுபத்திரி வார்டா?"

சித்தப்பா தொடையில் தட்டிக்கொண்டார். "அண்ணி, புடிபட்டுட்டீங்க! பஸ், அம்புட்டுத்தான், கேஸ் முடிஞ்சுருச்சு. குற்றவாளி அடுப்படியிலயே மாட்டிக்கிட்டாக."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "ரெண்டு மூட்டைய வாங்கி வச்சிருக்கு. வண்டு வச்சுரும். யாராச்சும் தீத்துத்தானே ஆகணும்? கப்பல்ல வந்த அரிசியக் கொட்டச் சொல்றீங்களா?"

"அரே, அதுக்கு நீங்க ஏன் தனியாக் கஷ்டப்படணும்? நாங்க மூணு பேரு இருக்கமே, ஒரே வாரத்துல தீத்துத் தாரோம்!" என்றார் சித்தப்பா.

அப்பா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். கடைசியில் அம்மாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அவர் கோபித்திருந்தால், அழுதிருந்தால், எங்களில் ஒருவராவது அந்தப் பதிலை இரண்டாம் முறை யோசித்திருப்பார். என்னை அவர் திட்டவும் இல்லை. "அரிசியில கைய வச்சியே, கழுவுன கையா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாளிலிருந்து அவர் ஒளிவின்றிச் சாப்பிட்டார். "அண்ணியின் தனிச் சமையல்" என்பது சித்தப்பாவின் நிரந்தர நகைச்சுவையானது. மூட்டைகள் தீர்ந்தன. சீனியும் மைதாவும் தீர்ந்தன. அவற்றின் இடத்துக்குச் சிவப்பரிசியும் கேழ்வரகும் வந்தன. ஒரு பிடிகூட வீணாகவில்லை.

மறுசோதனையில் அப்பா தேறினார். மருத்துவர் கையெழுத்திட்ட தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டு மனிதர் மட்டுமே செய்யக்கூடிய ஒன்றைச் செய்தார்: இரத்தத்தில் சர்க்கரை குறைந்ததைக் கொண்டாட, பெங்காலி இனிப்புக் கடையிலிருந்து ஒரு பெரிய டப்பா ரசகுல்லா வாங்கி வந்தார். அவர் தொடவில்லை, அந்தக் கட்டுப்பாட்டை எங்களுக்கெல்லாம் பெருமையாகக் காட்டினார். எனக்கு இரண்டு, சித்தப்பாவுக்கு மூன்று.

"மிச்சத்த நீ சாப்புடு புள்ள. நாளைக்கு வச்சா புளிச்சுரும்" என்றார் அப்பா.

அம்மா சாப்பிட்டார். அதன்பின் எத்தனையோ ஆண்டுகள், வடக்கே திக்லிபூரில் கல்யாணம் என்று கப்பல் தோழர்கள் கொடுத்த லட்டும், பண்டிகைக்கு வந்த அல்வாவும், அப்பா கைபடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்த ஒவ்வொரு பொட்டலமும் அதே வழியில்தான் தீர்ந்தன. நாங்கள் மூவரும் பழகியிருந்தோம். கடலையும் கீரையும் இல்லாத சாப்பாடு எங்களுக்கே பிடிக்காமல் போயிருந்தது. வீட்டில் நுழைந்துவிட்ட மற்றதையெல்லாம் யாராவது ஒருவர் இல்லாமலாக்க வேண்டியிருந்தது.

கை வைத்து அரிசியின் மட்டத்தை அளக்கத் தெரிந்த எனக்கு, அது எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்கத் தெரியவில்லை. அம்மா எங்களை ஏமாற்றி ருசியாகச் சாப்பிடுகிறார் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தேன். ஏன் அண்டை வீட்டுக்குக் கொடுக்கவில்லை, ஏன் கடைக்காரரிடம் திருப்பவில்லை என்று இப்போது மனத்துக்குள் அவரோடு சண்டையிடுகிறேன். பதில் எனக்கே தெரியும்: கப்பலில் வந்ததைக் கொட்டக் கூடாது, கொடுக்கவும் அவசரப்படக் கூடாது. எங்கள் உணவை முழுவதுமாக மாற்றிய அந்தப் பெண்மணியால் அந்த ஒரு விதியை மாற்ற முடியவில்லை. அப்பாவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதித்துக்கொண்டே இருந்தார்கள். அம்மாவின் உடலுக்குத் தகுதிச் சான்று கேட்க எந்தக் கப்பலும் இருக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முதன்முறை அவருக்குச் சர்க்கரை சோதித்துப் பார்த்தபோது கண்ணும் சிறுநீரகமும் ஏற்கெனவே கெட்டிருந்தன.

ஓய்வுபெறும் நாள்வரை அப்பா கப்பலில் போனார். எழுபதைத் தாண்டியும் தினமும் காலையில் மேட்டுப் பாதையில் மூச்சிரைக்காமல் ஏறி இறங்குகிறார். சித்தப்பா மெயின்லேண்டுக்குப் போய்விட்டார். வீட்டில் இப்போது அப்பாவும் நானும் மட்டும்தான் இருக்கிறோம்.